தோப்புக்கு மேல் டவர் லைன் வருகிறது: எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கம் எட்டு ஏக்கர், பாதி தென்னை, பாதி கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்). 400 கே.வி. (கிலோவோல்ட்) லைன் ஒன்றுக்காகச் சர்வே ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். வீடு லைனிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கும். "கதிர்வீச்சில் கேன்சர் வரும், மழை நின்றுபோகும், மாடு கன்னு நிலைக்காது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நிஜம்? கேரளாவில் கேபிளைப் பூமிக்குள் புதைத்தார்களே, நமக்கு மட்டும் ஏன் டவர்?"

துணை மின்நிலையத்திலும் லைன் வேலையிலும் காலம் தள்ளியவன் என்பதால் இதே கேள்வி எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன். ஊர் கதிர்வீச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, நிஜமான சேதத்தை முடிவு செய்யும் வேலை பாதை வரைபடத்தில் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. மரம், மண், பறவை, கிணறு எல்லாமே அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது.

இருந்தாலும் கேன்சர் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

லைனைச் சுற்றி இரண்டு புலங்கள் இருக்கின்றன. மின்னழுத்தத்தால் வருவது மின்புலம், கம்பியில் ஓடும் கரன்ட்டால் வருவது காந்தப்புலம். இரண்டும் எக்ஸ்ரே மாதிரி செல்லை உடைக்கும் கதிர்வீச்சு இல்லை. மின்புலத்தைச் சுவரும் மரமும் பெரும்பாலும் தடுத்துவிடும். காந்தப்புலம் சுவரைத் தாண்டி வரும். ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகத் துரத்துவது அதைத்தான்.

1979-இல் அமெரிக்காவின் டென்வரில் வெர்தைமர், லீப்பர் என்ற இருவர், மின்கம்பிகளுக்கு அருகே வாழ்ந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். அங்கிருந்து ஆரம்பித்தது. பல நாட்டு ஆய்வுகளை 2000-இல் ஒன்று சேர்த்துப் பார்த்ததில், வீட்டுக்குள் சராசரி காந்தப்புலம் 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் இந்த நோய் சுமார் இரண்டு மடங்காகத் தெரிந்தது. 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தை '2பி' பிரிவில் வைத்தது. 'காரணமாக இருக்கலாம், சான்று போதவில்லை' என்று பொருள். இரண்டு மடங்கு என்றதும் வயிறு கலங்கும். ஆனால் அடிப்படை எண்ணிக்கை ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு நாலைந்து பேர்தான். தவிர, பிரிட்டனில் 2005-இல் வந்த பெரிய ஆய்வில் லைனிலிருந்து 600 மீட்டர் வரைக்கும்கூடக் கொஞ்சம் அதிகம் தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் லைனின் காந்தப்புலம் ஒன்றுமே இருக்காது. அதே குழுவினர் 2014-இல் மறுபடி பார்த்தபோது, அந்த அதிகரிப்பு பழைய பத்தாண்டுகளில் மட்டும் இருந்தது, பிற்காலத்தில் மறைந்துபோயிருந்தது. லைன்தான் காரணம் என்றால் இப்படி மறைய வேண்டியதில்லை.

உங்கள் கணக்குக்கு வருவோம். 400 கே.வி. லைனுக்கு நேர் கீழே பொதுவாகச் சில மைக்ரோ டெஸ்லா இருக்கும், லோடு ஏறினால் பத்தைத் தொடலாம், தாண்டவும் செய்யலாம். 60 மீட்டரில் அது ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 1998-இல் 100 மைக்ரோ டெஸ்லா, 2010 திருத்தத்தில் 200. வீட்டைப் பிரிக்க வேண்டாம். புதிதாகக் கட்டுவதாக இருந்தால், குழந்தைகள் படுக்கும் அறையை லைனிலிருந்து தள்ளியிருக்கும் பக்கம் வைக்கலாம், செலவில்லாத முன்னெச்சரிக்கை. நான் கட்டினாலும் அப்படித்தான் வைப்பேன். மழை நின்றுபோகும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள், டவருக்கும் மேகத்துக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் டியூப்லைட் விஷயம். லைனுக்குக் கீழே வெறும் கையில் நாலடி டியூப்லைட்டைப் பிடித்தால் எரிகிறது என்று விவசாயிகள் செய்து காட்டிய வீடியோக்கள் நிறையச் சுற்றின. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. லைன் தாழ்ந்து தொங்கும் இடத்தில் தரையருகே மீட்டருக்கு 5 முதல் 10 கிலோவோல்ட் வரை மின்புலம் இருக்கும். குழாயில் இருக்கும் வாயு ஒளிர்வதற்கு மிகச் சிறிய கரன்ட் போதும், இருட்டில் பளிச்சென்று தெரியும். அதே புலத்தில் நிற்கும் மனிதன் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் கரன்ட், மீட்டருக்கு ஒரு கிலோவோல்ட்டுக்குச் சுமார் 15 மைக்ரோ ஆம்பியர். 5 கிலோவோல்ட் என்றால் 75. நமக்கு 'சுரீர்' என்று தெரிய ஆரம்பிப்பதே ஐநூறு, ஆயிரம் மைக்ரோ ஆம்பியரில்தான்.

ஆனால் 'அது ஒன்றுமில்லை' என்று ஒரு அதிகாரி சிரித்துவிட்டுப் போனால் அதுவும் தப்பு. மனிதனைவிடப் பெரிய உலோகப் பொருள் எதுவாக இருந்தாலும், தரையோடு தொடர்பில்லாமல் அங்கே நின்றால், சார்ஜ் ஏறி நிற்கும். ரப்பர் டயரில் நிற்கும் லாரி, கல்தூணில் இழுத்துக் கட்டிய கம்பிவேலி, தகரக் கொட்டகை. ஈரக்காலோடு தொட்டால் சுள்ளென்று அடிக்கும். மாட்டுக்கு மூக்கும் வாயும் ஈரம், அது நம்மைவிட மோசமாக உணரும். கம்பிவேலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எர்த் அடிக்கச் சொல்லுங்கள். கொட்டகைக்கும் அப்படியே. அதை லைன் போடுகிறவர்கள்தான் செய்து தர வேண்டும். உங்கள் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருந்தால் அந்தப் பக்கம் கவலையே இல்லை.

தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறீர்களா? இது யாரும் சொல்லாத ஒன்று. 1981-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 765 கே.வி. லைனுக்கு அடியில் பெட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். கூடு எடை கூடவில்லை, ராணித் தேனீ தொலைந்துபோனது, தேனீக்கள் வாசலைப் பிசின் வைத்து அடைத்துக்கொண்டன. பெட்டிக்குள் ஈரமான தேனீக்களுக்குச் சின்னச் சின்ன ஷாக் அடித்ததுதான் காரணம். பெட்டிக்கு மேல் எர்த் செய்த கம்பிவலையைப் போட்டதும் சரியானது. நீங்கள் பெட்டியை நாற்பது, ஐம்பது மீட்டர் நகர்த்தினாலே போதும்.

இனி நான் பெரிதாக நினைக்கும் விஷயம், அகலம். 400 கே.வி. லைனுக்கு 46 மீட்டர் அகலப் பாதை தேவை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கே.வி. டிசி (ஒரே திசையில் ஓடும் கரன்ட்) லைனுக்கு 69 மீட்டர். 46 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்குப் பதினோரு ஏக்கருக்கு மேல். உங்கள் நிலத்தில் 200 மீட்டர் நீளம் தோப்புக்குள் ஓடினால் இரண்டே கால் ஏக்கர். ஏக்கருக்கு எழுபது மரம் வைத்தால் நூற்றைம்பது தென்னைக்கு மேல் போகும். 400 கே.வி. கம்பி தரையிலிருந்து குறைந்தது 8.84 மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும் என்பது விதி. காய்க்கிற தென்னை அதைவிட இரண்டு மடங்கு வளரும். அதனால் இருப்பது வெட்டப்படும், இனி வைக்கவும் முடியாது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை, 'பயன்படுத்தும் உரிமை' மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 1885-இல் வெள்ளைக்காரன் தந்திக் கம்பத்துக்குப் போட்ட சட்டத்தின் அதிகாரத்தை, 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழியாக டவருக்கும் கொடுத்ததில் வந்த ஏற்பாடு. தந்திக் கம்பம் ஒரு முழம் இடம் பிடிக்கும். டவர் லைன் தோப்பை இரண்டாகப் பிளக்கும்.

போர்வெல்லை மறந்துவிடாதீர்கள். லைனுக்கு நேர் கீழே ரிக் வண்டி நிமிர முடியாது. ஏற்கெனவே அங்கே குழி இருந்தால், மோட்டார் ரிப்பேருக்கு இருபதடி ஜிஐ பைப்பை ஒவ்வொன்றாகத் தூக்கும்போது மேலே 400 கே.வி. தொங்கும். ஆள் சாகிற விஷயம் அது. தேங்காய் பறிக்கிற அலுமினியத் தொரட்டியும் அதே கணக்குதான். காந்தப்புலத்தைப் பற்றிப் பத்து கூட்டம் போடுகிற ஊரில் இதை ஒருவரும் கேட்பதில்லை.

ஏன் லைன் எப்போதும் தோப்பு வழியாகவே வருகிறது? ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. மின்தொடர் பாதைகளுக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் கீழ் முன்அனுமதி தேவையில்லை. அந்தப் பட்டியலிலேயே அவை இல்லை. அதனால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. ஆனால் வனத்துக்குள் நுழைந்தால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், சரணாலயம் என்றால் வனவிலங்கு வாரியமும் பார்க்கும், வருடக்கணக்கில் இழுக்கும். இஞ்சினியர் என்ன செய்வான்? வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் வனத்தைச் சுற்றிக்கொண்டு பட்டா நிலத்தில் கோடு போடுவான். வனத்துக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. கொறங்காட்டில் ஐம்பது வருட வெள்வேல மரம் நின்றாலும் அது சட்டப்படி காடு கிடையாது. அதற்காகப் பேச ஆளும் கிடையாது.

கோவாவில் மொல்லெம் சரணாலயப் பகுதியில் 400 கே.வி. லைனுக்கு எதிராக 2020-இல் இளைஞர்கள் இறங்கினார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. காட்டுக்குள் புதுப் பாதை வெட்டாமல், ஏற்கெனவே போகும் 220 கே.வி. லைன் பாதையையே பயன்படுத்தப் பாருங்கள் என்று 2022-இல் சொன்னது. எந்த ஊருக்கும் பொருந்தும் யோசனை அது. பழைய லைனின் கம்பியை மட்டும் மாற்றி, அதிக வெப்பம் தாங்கும், குறைவாகத் தொய்யும் ரகத்தைப் போட்டால் அதே டவரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் போகும். புது மரம் ஒன்றும் விழாது. நம் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்பவர் குறைவு.

பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயிலும் வௌவாலும் கம்பியில் கருகித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது 11 கே.வி. போன்ற சிறிய லைன்களில். அங்கே கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி குறைவு, சிறகு விரித்தால் இரண்டையும் தொட்டுவிடும். யானைகள் சாவதும் பெரும்பாலும் தாழ்ந்து தொங்கும் அந்த லைன்களில்தான். 2018 அக்டோபரில் ஒடிசாவின் தேன்கனாலில் ஏழு யானைகள் ஒரே இடத்தில் இறந்தது 11 கே.வி. கம்பியால். 400 கே.வி.யில் இடைவெளி பல மீட்டர், ஷாக் அடித்துச் சாவது அபூர்வம். அங்கே பறவை மோதிச் சாகும். அதிலும் கரன்ட் ஓடும் தடித்த கம்பியில் அவ்வளவு இல்லை. உச்சியில் இடிதாங்கிக்காக ஓடும் மெல்லிய எர்த் வயர் இருக்கிறதே, அதில்தான். தடித்த கம்பியைப் பார்த்துவிட்டு மேலே எழும்பும், எழும்பும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கம்பி.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் கானமயிலுக்கு நேர்ந்தது இதுதான். உலகத்தில் சுமார் 150 மட்டுமே மிச்சம் என்று கணக்கிடப்பட்ட பறவை. கனமான உடம்பு, முன்னால் பார்க்கும் பார்வை குறுகல், பறந்துகொண்டே தலையைக் குனிந்து தரையைப் பார்க்கும் பழக்கம். கம்பி தெரியும்போது திரும்ப நேரம் இருக்காது. தார் பாலைவனத்தில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆண்டுக்கு 84,000 பறவைகள், எல்லா இனமும் சேர்த்து, மின்கம்பிகளில் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அந்தப் பகுதியில் மேலே லைன் போடக்கூடாது, பூமிக்குள் புதையுங்கள் என்று உத்தரவிட்டது. சோலார் மின்சாரத்தை எப்படி வெளியே எடுப்பது என்று அரசு முறையிட, 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. சோலார், காற்றாலை என்று நாம் நல்லது என நினைப்பதும் டவர் இல்லாமல் வராது.

காங்கேயத்தில் கானமயில் இல்லை. ஆனால் திருப்பூருக்கு அருகே நஞ்சராயன் குளம் இருக்கிறது, ஈரோடு பக்கம் வெள்ளோடு இருக்கிறது, இரண்டும் ராம்சார் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியம் என்று அங்கீகரிக்கப்பட்ட நீர்நிலைகள். உங்கள் ஊர்க் குளத்துக்குக் குளிர்காலத்தில் வாத்துக் கூட்டம் வந்தால், குளத்துக்கும் மேய்ச்சல் இடத்துக்கும் நடுவே லைன் போகிறதா என்று பாருங்கள். போனால், எர்த் வயரில் சுருள் வளையமோ படபடக்கும் தட்டோ மாட்டச் சொல்லிக் கேளுங்கள். மோதல் கணிசமாகக் குறையும். லைன் போடும்போதே மாட்டினால் செலவு கொஞ்சம்தான், லைனில் கரன்ட் விட்ட பிறகு என்றால் ஷட்டவுன் வாங்க வேண்டும், யாரும் செய்யமாட்டார்கள்.

சரி, கேரளா கேபிள். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கே.வி. டிசி லைன், 2,000 மெகாவாட், 2021-இல் தொடங்கிவைக்கப்பட்டது. மொத்தம் 165 கிலோமீட்டரில் 138 டவரில், திருச்சூரை ஒட்டிய 27 மட்டும் பூமிக்குள், சாலையோரமாக. அங்கே வீடுகள் நெருக்கம், 40 மீட்டர் அகலம் வெட்ட இடமே இல்லை. 2018 டிசம்பரில் ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தபோது கேட்டது இதைத்தான்: அவர்களுக்குச் சாலையோரம், எங்களுக்கு மட்டும் தோப்பு நடுவேவா?

இதற்கு வந்த பதில்களில் பாதி சரி, பாதி மழுப்பல். ஏசி (திசை மாறி மாறி ஓடும் கரன்ட்) என்றால் தொழில்நுட்பத் தடை நிஜம். 400 கே.வி. கேபிள் பூமிக்குள் ஒரு நீண்ட கெப்பாசிட்டராக (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சாதனமாக) வேலை செய்யும். கிலோமீட்டருக்குச் சுமார் 15 ஆம்பியர் சும்மா உள்ளே போய் வரும். அறுபது, எழுபது கிலோமீட்டர் போனால் கேபிளின் கொள்ளளவை அதுவே தின்றுவிடும், நடுநடுவே அதைச் சமன்செய்ய ரியாக்டர் என்ற கம்பிச்சுருள் வைக்க வேண்டும். ராய்கர் லைனைப் புதைக்க முடியாது என்பதும் சரி, 800 கே.வி.க்குத் தரைக்கேபிள் நடைமுறையில் கிடையாது. தவிர, அந்த ஒரே லைன் 6,000 மெகாவாட் கொண்டு வருகிறது. அதையே 400 கே.வி. ஏசியில் கொண்டு வந்தால் நாலைந்து வரிசை டவர் நிற்கும், அகலம் மூன்று மடங்காகும். ஆனால் திருச்சூர் லைன் 320 கே.வி. டிசி. கேரளாவில் 27 கிலோமீட்டர் புதைக்க முடிந்ததைத் தமிழ்நாட்டில் இன்னும் கொஞ்சம் புதைத்திருக்கலாம், அங்கே தடையாக இருந்தது காசு. கேபிள் பல மடங்கு செலவு. அதை நேராகச் சொல்லியிருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும்.

ஜெர்மனியில் சூட்லிங்க் என்ற லைன், வடக்குக் காற்றாலை மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோக, சுமார் 700 கிலோமீட்டர். மக்கள் டவருக்கு எதிர்ப்புத் தெரிவித்ததால் 2015-இல் சட்டத்தையே மாற்றி முழுவதும் கேபிள் என்று முடிவெடுத்தார்கள். 2022-இல் முடிய வேண்டியது 2028-க்குத் தள்ளிப்போயிற்று, செலவு சுமார் 1,000 கோடி யூரோ. அங்கேயும் விவசாயிகளுக்கு முழுத் திருப்தி இல்லை. அகழி தோண்டும்போது மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துபோகும், கேபிளுக்கு மேல் ஆழ வேர் மரம் வைக்க முடியாது. புதைத்தால் பறவை தப்பிக்கும். தென்னை தப்பிக்காது.

இழப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக: மத்திய மின்துறை 2024 ஜூனில் வெளியிட்ட நெறிமுறையில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் அகலத்துக்குக் கிராமப்புறத்தில் 30 சதவீதம் என்று இருக்கிறது. அது சட்டம் இல்லை, நெறிமுறை. வெட்டும் மரத்துக்குத் தனிக் கணக்கு. தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

இப்போது உங்களுக்கு இருக்கும் நேரம் சர்வே முடிவதற்குள்தான். வழக்கமாக மூன்று மாற்றுப் பாதைகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்வு செய்வார்கள். லைன் போகும் கிராமங்களின் பெயரோடு பத்திரிகையில் பொது அறிவிப்பும் வரும். அதைப் பார்த்து எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 'எங்களுக்கு லைனே வேண்டாம்' என்று எழுதினால் ஃபைலில் கட்டிவைப்பார்கள். மற்ற இரண்டு பாதைகளில் எத்தனை மரம், எத்தனை கிணறு, எத்தனை வீடு என்று எழுதிக் கேளுங்கள், பதில் சொல்லியாக வேண்டும். தென்னை இருக்கும் பக்கத்தைவிடக் கொறங்காட்டுப் பக்கம் லைனைத் தள்ள முடியுமா என்று பாருங்கள். உங்கள் நிலத்திலேயே இரண்டும் இருப்பதால் இது நடக்கக்கூடிய காரியம். கொழுக்கட்டைப் புல்லுக்கு 400 கே.வி. ஒன்றும் செய்யாது, ஆடும் மாடும் மேயலாம். சில வெள்வேல மரங்கள் போகும். தோப்பைத் தவிர்க்கவே முடியாது என்றால் டவருக்கு உயரத்தைக் கூட்டக் கேளுங்கள். ஆறு மீட்டர், ஒன்பது மீட்டர் கூடுதல் கால் வைப்பது வழக்கமான வேலை, அதற்கு மேலும் வைக்கலாம்.

சர்வே ஆட்கள் லைன் போகும் வழியின் நெடுக்குவெட்டுத் தாள் ஒன்று போடுவார்கள். தரை மேடு பள்ளம், கம்பியின் தொய்வு எல்லாம் அதில் இருக்கும். உங்கள் போர்வெல், கிணறு, கொட்டகை, கம்பிவேலி எல்லாம் அந்தத் தாளில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். அதில் இல்லாத கிணறு, நாளைக்கு அவர்களைப் பொறுத்தவரை லைன் வந்த பிறகு நீங்கள் தோண்டிய கிணறு.